வீட்டில் குழாய் இருப்பவர்

எலூபே சிறைக்குப் போனதில் என் பங்கு ஒரு சொல். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மறைத்துவிட்டாள் என்று பிறகு யாரும் என்னைப் பேசக் கூடாது.

நான் எங்கள் ஊர் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளர். மற்ற நாட்களில் கோழித் திருட்டு, சைக்கிள் திருட்டு, புருஷன் பெண்டாட்டி அடிதடி. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை, சில சமயம் அதற்கும் மேல் ஆகும், பிளான்டயர் நகரத்திலிருந்து ஹைகோர்ட் நீதிபதி வந்து, உயிர் போன வழக்குகளை எல்லாம் ஒரே வாரத்தில் விசாரித்து முடித்துவிட்டுப் போவார். அந்த ஒரு வாரத்துக்காக ஆட்கள் ரிமாண்டில் கிடப்பார்கள். எலூபே இரண்டு வருடம் கிடந்தாள்.

அந்த அறையில் இருக்கும் அத்தனை பேருக்கும் சிச்சேவா தெரியும். நீதிபதிக்குத் தெரியும், அரசு வக்கீலுக்குத் தெரியும், வாசலில் நிற்கும் போலீஸ்காரருக்கும் தெரியும். அவரவர் அம்மாவோடு பேசுகிற பேச்சே அதுதான். ஆனால் கோர்ட்டின் மொழி இங்கிலீஷ். வக்கீல் இங்கிலீஷில் கேட்பார், நான் சிச்சேவாவில் சொல்வேன். கூண்டில் இருப்பவர் சிச்சேவாவில் பதில் சொல்வார். அதை எல்லோரும் காதாரக் கேட்ட பிறகு நான் மறுபடி இங்கிலீஷில் சொல்வேன். அப்போதுதான் நீதிபதியின் பேனா நகரும். இதற்காகத்தான் நான்கு வருடம் பல்கலைக்கழகத்தில் படித்தேன். எங்கள் வீட்டில் அந்தப் பக்கம் போன முதல் ஆள் நான்தான்.

வழக்கு இதுதான். எலூபேயின் புருஷன் எல்லை தாண்டி ஜோனி நகரத்துக்கு வேலைக்குப் போனான். இரண்டு மாதம் போன் வந்தது, அப்புறம் வரவில்லை. அவள் இரண்டு பெண் குழந்தைகளோடு கம்வேண்டோ என்பவரின் லைன் வீட்டில் ஓர் அறையில் குடியிருந்தாள். கம்வேண்டோ தனக்குப் புது வீடு கட்டுவதற்காக அறைகளுக்குப் பின்னால் மண் வெட்டிச் செங்கல் அறுத்தார். வெட்டிய இடம் குழியானது. மழை வந்து குழி நிரம்பியது. எலூபேயின் கதவிலிருந்து அது ஆறு எட்டு வைக்கிற தூரம். கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. மூன்று முறை கேட்டாள், மூன்று முறையும் அவர் நாளைக்கு என்றார். அதனால் கதவில் ஒரு ஓட்டை, நிலையில் ஒரு ஓட்டை போட்டு, இடுப்பில் சுற்றும் துணியிலிருந்து கிழித்த நாடாவால் கட்டிவிட்டுப் போவாள்.

அந்தப் பேட்டையில் குழாயடி காலை ஆறு மணிக்குத் திறக்கும். தண்ணீர் எட்டு வரை வரும், சில நாள் ஏழோடு நின்றுவிடும். பெரியவள் தக்கோண்ட்வாவுக்கு ஏழு வயது. அவளை முன்னால் அனுப்பி வரிசையில் வாளி போடச் சொல்வாள். பிறகு சின்னவள் மதாலோவை முதுகில் கட்டிக்கொண்டு, போய் நிரப்பி, தலையில் தூக்கிக்கொண்டு வருவாள். முந்தின வாரம் மழைச் சேற்றில் மேட்டுப் பாதையில் சறுக்கி விழுந்தாள். முதுகில் இருந்த மதாலோவுக்கு நெற்றியில் அடி. அதனால் அன்று, மதாலோ நன்றாகத் தூங்குகிறாள் என்று பார்த்துவிட்டு, கதவைக் கட்டிவிட்டுத் தனியாகப் போனாள். திரும்பி வந்தபோது நாடா அவிழ்ந்து தரையில் கிடந்தது. மதாலோவுக்கு இரண்டு வயது.

கவனக்குறைவால் சாவை வரவழைத்தாள் என்று போலீஸ் எழுதியது. அவளைத்தான் எழுதியது. குழி வெட்டியவரைச் சாட்சியாகக் கூப்பிட்டது.

கம்வேண்டோ கோட்டு போட்டுக்கொண்டு வந்தார். "குழி இருக்குன்னு எல்லாருக்கும் தெரியும்யா. ஒளிச்சா வச்சிருக்கேன்? இவளுக்கும் தெரியும். தெரிஞ்சேதான் பச்சப்புள்ளய விட்டுட்டுப் போயிருக்கா" என்றார். நான் மொழிபெயர்த்தேன்.

எலூபேக்கு அரசாங்கச் செலவில் வாதாடியவர் முந்தாலி. சின்ன வயசு, அந்த வாரம் மட்டும் அவர் கையில் ஒன்பது வழக்குக் கட்டு. "வேலி போட்டிருந்தீர்களா?" என்று ஒரு கேள்வி கேட்டார்.

"மழ விட்டதும் போடலாம்னு இருந்தேன்யா."

நீதிபதி எழுதிக்கொண்டார். அவ்வளவுதான். கம்வேண்டோ இறங்கிப் போய்விட்டார்.

பிறகு எலூபே கூண்டில் ஏறினாள். ஏறியதும் மண்டியிட்டாள். எங்கள் பக்கத்தில் பெரியவர்களிடம் பேசும்போது பெண்கள் மண்டியிடாமல் பேச மாட்டார்கள். கூண்டின் பலகை உயரம், அவள் குள்ளம். மண்டியிட்டதும் ஆளே காணவில்லை. நீதிபதி எட்டிப் பார்த்தார். சிறைக் காவலர் சலேமு அவள் தோளைப் பிடித்துத் தூக்கினார். "நின்னுகிட்டே பேசும்மா, இங்க மண்டி போடக் கூடாது" என்றார். கேள்வி வந்ததும் மறுபடி மண்டியிட்டாள். மூன்றாவது தடவை பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பிறகு சலேமு கையை எடுக்கவே இல்லை. அவள் பேசி முடிக்கும் வரை பின்னங்கழுத்துத் துணியைப் பிடித்தபடியே நின்றார்.

அரசு வக்கீல் திருமதி மலுங்கா கெட்டவர் இல்லை. குரலை உயர்த்தவில்லை. குழந்தையை எழுப்பித் தூக்கிப் போயிருக்கலாம் அல்லவா, பக்கத்து அறையில் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம் அல்லவா, வேறு நேரத்தில் தண்ணீர் பிடித்திருக்கலாம் அல்லவா என்று வரிசையாகக் கேட்டார். பக்கத்து அறைக்காரியும் அதே வரிசையில்தான் நின்றாள் என்று எலூபே சொன்னாள். வேறு நேரம் என்று ஒன்று இல்லை என்றாள். நன்றாகவே சொல்லிக்கொண்டு வந்தாள். எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

கடைசியாக மலுங்கா கேட்டார்: "உங்கள் இடத்தில் ஒரு நியாயமான மனிதர் இருந்திருந்தால், அந்தக் குழந்தையை விட்டுவிட்டுப் போயிருப்பாரா?"

இந்த நியாயமான மனிதரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சட்டத்தில் இருக்கிற ஆள். பெயர் கிடையாது, வயது கிடையாது, ஆணா பெண்ணா என்பது கூட இல்லை. நீ செய்தது குற்றமா என்று பார்க்க, நீ நின்ற இடத்தில் அவரைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். அவர் செய்திருக்கக் கூடியதை நீ செய்யவில்லை என்றால் முடிந்தது கதை. அவருக்குத் தூக்கம் எப்போதும் போதும். காய்ச்சல் வராது. புருஷன் ஓடிப்போக மாட்டான். சேற்றில் அவர் கால் சறுக்கியதே இல்லை. அவரை யாரும் பார்த்ததில்லை, ஆனால் அவரைத் தெரியாத வக்கீலும் இல்லை.

சிச்சேவாவில் அவருக்குப் பெயர் கிடையாது. எங்களுக்குச் சொற்பட்டியல் என்று ஒன்றும் யாரும் கொடுத்ததில்லை. கேள்வி முடிந்து மூச்சு விடுவதற்குள் வாய் திறக்க வேண்டும். நான் திறந்தேன். 'வன்ஸேரு' என்றேன்.

வன்ஸேரு என்றால் அறிவுள்ளவர். புத்திசாலி. பள்ளிக்கூடத்தில் முதல் மார்க் வாங்கினால் வாத்தியார் சொல்வாரே, அது. என் அம்மா சந்தையில் எண்ணெய்ப் பலகாரம் சுட்டு விற்றாள். வருகிறவன் போகிறவனிடம் எல்லாம் என்னைக் காட்டி, "இவ வன்ஸேரு, பாருங்க, பெரிய ஆளாவா" என்பாள். சின்ன வயதில் என் பெயரை விட அந்தச் சொல்லைத்தான் நான் அதிகம் கேட்டிருக்கிறேன். சட்டம் மெச்சுகிற ஒரு மனிதரைச் சொல்ல வேண்டி வந்தபோது என் வாய் என்னையே சொன்னது.

எலூபே எந்தக் கசப்பும் இல்லாமல், அமாயி என்று என்னை மரியாதையாக விளித்து, "வன்ஸேருன்னா போயிருக்க மாட்டாங்க அமாயி. நான் மூணாவதுதான் படிச்சேன். எனக்கு அவ்வளவு புத்தி இல்ல" என்றாள்.

நான் இங்கிலீஷில் சொன்னேன்: நியாயமான மனிதர் போயிருக்க மாட்டார், நான் அப்படிப்பட்டவள் இல்லை.

நீதிபதி நிமிர்ந்தார். "அவருக்குக் கேள்வி புரிந்ததா என்று கேளுங்கள்."

கேட்டேன். "புரிஞ்சுதுங்க ஐயா" என்றாள். பேனா நீண்ட நேரம் ஓடியது. முந்தாலி அடுத்த கட்டின் நாடாவை அவிழ்த்துக்கொண்டிருந்தார். அவர் எழுந்து ஆட்சேபம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

மதிய இடைவேளையில் கேட்டுக்கு வெளியே வறுத்த மீன் வாங்கப் போனேன். எலூபேயின் தங்கை ஃபனேசி மரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். அதே லைனில் எலூபேயின் பழைய அறையில் இப்போது அவள்தான் இருக்கிறாள். தக்கோண்ட்வா அவளோடுதான். மடியில் அவளுடைய சொந்தக் கைக்குழந்தை. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை, மண்டியும் இடவில்லை. எனக்கு அது பிடித்திருந்தது.

"ஏம்மா, இங்கிலீஷ் அமாயி" என்றாள். "ஒரு சந்தேகம். எங்கக்கா புத்திசாலியா இல்லையான்னு கேக்கவா பிளான்டயர்லேர்ந்து கார் போட்டு வந்தாங்க?"

"யார் அப்படிக் கேட்டா?"

"நீதான கேட்ட. என் காதால கேட்டேன். புத்தி உள்ளவளா இருந்தா போயிருப்பாளான்னு. அத எங்கிட்ட கேட்டிருந்தா ரிமாண்டுக்கு முன்னாலயே சொல்லியிருப்பேனே, அவ புத்தியில்லாதவன்னு. புத்தி இருந்தா அந்தக் குரங்கக் கட்டியிருப்பாளா?"

பக்கத்தில் மீன் வறுத்த பெண் சிரித்தாள். எனக்குக் கையில் இருந்த மீன் பொட்டலம் சுட்டது.

"அந்தம்மா கேட்டது அது இல்ல. அது வேற சொல்லு" என்றேன்.

"என்ன சொல்லு?"

இங்கிலீஷில் சொன்னால் அவளுக்குப் புரியாது. சிச்சேவாவில் சொல்ல என்னிடம் சொல் இல்லை. "உன்ன மாதிரி, என்ன மாதிரி சாதாரணமா ஒரு ஆளு… அப்படி" என்று இழுத்தேன்.

"வாம்பாவா?"

வாம்பா. சாதாரணம். சாதாரண ஆள், சாதாரண சோறு, சாதாரண நாள், எல்லாவற்றுக்கும் அந்தச் சொல்தான். அவ்வளவு பக்கத்தில் கிடந்தது.

"சாதாரண ஆளு விட்டுட்டுப் போவாளான்னு கேட்டிருந்தா, இதென்ன கேள்வின்னு கேட்டிருப்பா எங்கக்கா" என்றாள் ஃபனேசி. "எல்லாரும்தான் போறோம். நானும் இந்தக் கழுதைய உள்ள போட்டுக் கட்டிட்டுத்தான் போறேன். தலையில வாளி, முதுகுல புள்ள, காலடில சேறு, எத்தன தடவ விழறது? உங்கம்மா போகலையா? உன்ன மடியில வச்சுகிட்டேவா தண்ணி பிடிச்சா?"

என் அம்மாவும் போனாள். என்னை என் அண்ணனோடு உள்ளே போட்டுக் கதவில் கல்லை முட்டுக் கொடுத்துவிட்டுப் போவாள். நாங்கள் சாகவில்லை. எங்கள் வீட்டுப் பின்னால் யாரும் செங்கல் அறுக்கவில்லை. அதனால் என் அம்மா நியாயமானவள். கைமீறி ஒன்று நடக்காத வரைக்கும் எல்லோருமே நியாயமானவர்கள்தான். நான் மீனைத் தின்னாமல் திரும்பிப் போனேன்.

முந்தாலி வராந்தாவில் நின்று குளிர்பானம் குடித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். பாட்டிலை வாயிலிருந்து எடுத்தார்.

"இத வேற யார்கிட்டயும் சொன்னியா?"

"இல்ல. நீங்க எழுந்து சொல்லுங்க."

"என்னன்னு? மொழிபெயர்ப்பு தப்புன்னா? தமாண்டா, யோசிச்சுப் பேசு. இந்த வாரம் ஆறு கேஸுல நீ பேசியிருக்க. ஒண்ணுல தப்புன்னா ஆறுலயும் தப்புன்னு நிப்பாங்க. ஆறு பேரும் திரும்ப ரிமாண்டு. அடுத்த நீதிபதி எப்ப வருவார்? உனக்குத் தெரியுமா? எனக்குத் தெரியாது."

"அவ தப்பா ஒத்துக்கிட்டிருக்கா."

"அவ சொன்னது முக்கியமே இல்ல. நியாயமான மனிதர் என்ன செய்வார்னு நீதிபதிதான் முடிவு பண்ணுவார். அவ இல்ல. சட்டம் அப்படி."

"அப்ப எதுக்கு அவகிட்ட கேட்டாங்க?"

அவர் பாட்டிலைப் பார்த்தார். எனக்கு ஆத்திரம் மண்டைக்கு ஏறியது. அவர் மேல் பாதி, என் மேல் பாதி.

இரண்டு மணிக்குக் கோர்ட் கூடியது. நீதிபதி உட்கார்ந்ததும் நானே எழுந்தேன். மொழிபெயர்ப்பாளர் தன் பேச்சாக எதுவும் பேசக் கூடாது. பேசினேன். காலையில் ஒரு சொல்லைத் தவறாகச் சொல்லிவிட்டேன், ஐயா.

மலுங்கா திரும்பிப் பார்த்தார். நீதிபதி மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "எந்தச் சொல்?"

"நியாயமான மனிதர் என்பதை வன்ஸேரு என்று சொல்லிவிட்டேன்."

அவர் காலையில் எழுதியதைப் புரட்டிப் பார்த்தார். பிறகு ஒன்று செய்தார். அந்த வாரம் முழுக்க அந்த நாற்காலியிலிருந்து வராத மொழி அப்போது வந்தது. சிச்சேவாவில், வீட்டில் பேசுகிற குரலில் சொன்னார்: "நான் கேட்டேம்மா. எனக்கு ஒண்ணும் தப்பாத் தெரியலயே. நானா இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்."

மலுங்கா தலையாட்டினார். முந்தாலியும். வாசலில் நின்ற போலீஸ்காரர் கூட.

யாராவது என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். காலையில் நான் கேட்டதும் அவள் சொன்னதும் அந்த அறையில் அத்தனை படித்தவர்கள் காதிலும் விழுந்தது. இங்கிலீஷும் சிச்சேவாவும் தெரிந்தவர்கள். ஒருவருக்கும் உறுத்தவில்லை. ஏனென்றால் அவர்களுக்கு அது தவறே இல்லை. நியாயமான மனிதர் என்றதும் அவர்கள் மனசில் வருகிற ஆள் படித்த ஆள்தான். சட்டை இஸ்திரி போட்ட ஆள். நான் என்னைச் சொன்னேன், அவர்கள் தங்களை நினைத்துக்கொண்டார்கள். மொழிபெயர்ப்பு சரியாகத்தான் இருந்தது.

ஆனாலும் நீதிபதி நல்ல மனிதர். இங்கிலீஷுக்குத் திரும்பி, "உங்களுக்கு உறுத்தினால் மறுபடி கேளுங்கள். எந்தச் சொல் சரி என்று நினைக்கிறீர்களோ அதையே வைத்துக் கேளுங்கள்" என்றார்.

எலூபே மறுபடி ஏறினாள். சலேமு முன்கூட்டியே கழுத்துத் துணியைப் பிடித்துக்கொண்டார். நான் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டேன். சாதாரண ஆள், வாம்பா, உங்க பேட்டையில இருக்கற யாரோ ஒருத்தி, அன்னைக்கு உங்க இடத்துல இருந்திருந்தா, மதாலோவை விட்டுட்டுத் தண்ணிக்குப் போயிருப்பாளா?

பெயரைச் சொல்லியிருக்கக் கூடாது. மலுங்காவின் கேள்வியில் பெயர் இல்லை. நான்தான் சேர்த்தேன், அவளுக்கு நன்றாகப் புரியட்டும் என்று.

மதாலோ என்ற சொல் போய் அவள் மேல் பட்டது. அதுவரை யாரும் அந்த அறையில் அந்தப் பெயரைச் சொல்லவில்லை, இறந்தவர் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எலூபே பலகையைப் பிடித்துக்கொண்டாள். பின்வரிசையில் ஃபனேசி முன்னால் குனிந்து, சொல்லு, சொல்லு என்று உதட்டை அசைப்பது எனக்குத் தெரிந்தது.

"மாட்டா" என்றாள் எலூபே. "யாரும் விட மாட்டா. நான்தான் விட்டேன். நான்தான் அமாயி அந்த நாடாவ ஒத்த முடிச்சாப் போட்டேன். எப்பவும் ரெண்டு முடிச்சு போடுவேன்."

"பொய்!" ஃபனேசி எழுந்து நின்றுவிட்டாள். "பொய் சொல்றாய்யா! எல்லாரும் விடறோம்! நான் விடறேன்! என்னையும் பிடிங்க! வாளி வரிசையில நிக்கற அத்தன பேரையும் பிடிங்க!" கைக்குழந்தை வீரிட்டது. போலீஸ்காரர் வந்து அவள் கையைப் பிடித்து வெளியே இழுத்துப் போனார். கதவுக்கு வெளியிலிருந்தும் அவள் குரல் கொஞ்ச நேரம் வந்துகொண்டிருந்தது.

கூட்டத்திலிருந்து வருகிற பேச்சை மொழிபெயர்க்கிற வேலை எனக்கு இல்லை. அதனால் அது இங்கிலீஷில் இல்லை. இங்கிலீஷில் இல்லாதது கோர்ட்டில் நடக்கவில்லை. எலூபே சொன்னதை மட்டும் மொழிபெயர்த்தேன், ஒற்றை முடிச்சு உட்பட. நீதிபதி அதையும் எழுதிக்கொண்டார்.

இரண்டு நாள் கழித்துத் தீர்ப்பு. அன்றும் மழை. தகரக் கூரையில் கொட்டிய சத்தத்தில் நீதிபதி உரக்கப் படிக்க வேண்டியிருந்தது. ஒரு பத்தி படிப்பார், நிறுத்துவார், நான் எலூபேயிடம் சொல்ல வேண்டும். அந்தத் தாள்கள் முழுக்க அந்த ஆள்தான். நியாயமான மனிதர் குழியின் ஆபத்தை உணர்ந்திருப்பார். நியாயமான மனிதர் குழந்தையைத் தூக்கிச் சென்றிருப்பார். நியாயமான மனிதர் அவிழக்கூடிய துணியை நம்பியிருக்க மாட்டார். குற்றம் சாட்டப்பட்டவரே ஒப்புக்கொண்டபடி, இரண்டு முறை ஒப்புக்கொண்டபடி.

முதல் பத்தியில் வன்ஸேரு என்று சொல்ல வாய் வரவில்லை. வாம்பா என்று சொன்னால் அது பெரிய பொய். எலூபே என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சொன்னேன்: "வீட்டுல குழாய் இருக்கறவங்க குழியால ஆபத்துன்னு உணர்ந்திருப்பாங்க."

நீதிபதி தாளிலிருந்து தலையைத் தூக்கினார். நான் அவரைப் பார்க்கவில்லை. மழைச் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்தாரோ என்னவோ, அடுத்த பத்தியைப் படித்தார்.

"வீட்டுல குழாய் இருக்கறவங்க குழந்தையத் தூக்கிட்டுப் போயிருப்பாங்க."

மலுங்கா நாற்காலியை நகர்த்தினார். முந்தாலி கண்ணை மூடிக்கொண்டார்.

"வீட்டுல குழாய் இருக்கறவங்க துணிய நம்பியிருக்க மாட்டாங்க."

"மொழிபெயர்ப்பாளர் அம்மா" என்றார் நீதிபதி. கோபமாக இல்லை. களைத்துப் போன குரல். "நான் சொல்லாததைச் சொல்கிறீர்கள்."

"ஆமாம், ஐயா" என்றேன். இங்கிலீஷில்.

மீதியை எங்கள் மாஜிஸ்திரேட் கோர்ட் குமாஸ்தா மொழிபெயர்த்தார். வன்ஸேரு, வன்ஸேரு என்று தங்குதடையில்லாமல் சொன்னார். நான்கு வருடம் சிறை, அதில் ரிமாண்டில் இருந்த காலம் கழிந்தது. இன்னும் இரண்டு. எலூபே ஐயாவுக்கு நன்றி என்று, எங்கள் வழக்கப்படி மெல்லக் கைதட்டி மண்டியிட்டாள். பலகைக்குப் பின்னால் மறைந்துபோனாள். அன்று மட்டும் சலேமு அவளைத் தூக்கவில்லை, அவளாக எழுந்திருக்கட்டும் என்று நின்றார்.

வேனில் ஏற்றுவதற்கு முன் என்னைக் கூப்பிட்டாள். சலேமு வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

"அமாயி, ஒண்ணு கேக்கணும். நீங்க பைபிள் மேல கை வச்சவங்க, பொய் சொல்ல மாட்டீங்க. அந்தக் குழிய மூடியாச்சா? தங்கச்சிகிட்ட எப்ப கேட்டாலும் மூடியாச்சு, மூடியாச்சுங்கறா. நான் கவலப்படக் கூடாதுன்னு சொல்றாளோன்னு இருக்கு. என் பொண்ணு அங்கதான இருக்கா."

இரண்டு வருடம் போலீஸ் எழுதியிருக்கிறது, டாக்டர் எழுதியிருக்கிறார், வழக்கு மூன்று வக்கீல்கள் கை மாறியிருக்கிறது, ஒரு நீதிபதி பதினோரு பக்கம் படித்திருக்கிறார். இதை யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

"பாத்துட்டுச் சொல்றேன்" என்றேன்.

மறுநாள் காலை ஆறரைக்குப் போனேன். கம்வேண்டோவின் புது வீடு முன்னால் எழும்பி நின்றது, நல்ல சிவப்புச் செங்கல், முற்றத்தில் குழாய், குழாய்க்குப் பூட்டு. சுற்றிக்கொண்டு பின்னால் போனேன். குழி இருந்தது. முன்பைவிடப் பெரிதாக இருந்ததா என்று எனக்குத் தெரியாது, முன்பு நான் பார்த்ததில்லை. தண்ணீர் தேநீர் நிறத்தில் விளிம்பு வரை நின்றது. வேலி இல்லை. லைனில் ஏழு அறைகள். ஆள் நடமாட்டம் இல்லை, எல்லோரும் குழாயடியில். ஐந்து கதவுகள் வெளியிலிருந்து துணி நாடாவால் கட்டியிருந்தன. நீலம், பூப்போட்டது, கிழிந்த சட்டைக் கை. இந்தக் கதவுகளைப் படம் பிடித்துக் கோர்ட்டில் காட்டியிருக்கலாம். யாரும் காட்டவில்லை.

கடைசிக் கதவுக்குப் பின்னால் ஒரு குழந்தை விழித்துக்கொண்டு அம்மாவைக் கூப்பிட்டது. முதலில் கூப்பிட்டது, பிறகு அழுதது, பிறகு கதவைத் தள்ளியது. நாடா இழுபட்டது. நான் போய் அந்தக் கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொண்டேன். "அம்மா வந்துடுவா. தண்ணிக்குப் போயிருக்கா. இப்ப வந்துடுவா" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். கோர்ட்டில் எட்டரைக்குக் கையெழுத்துப் போட வேண்டும், என்னிடம் விளக்கம் கேட்டு ஒரு கடிதமும் அங்கே காத்திருக்கும். குழந்தை கேட்டுக் கேட்டு அடங்கியது. கதவிடுக்கில் விரல்களை நீட்டியது. பிடித்துக்கொண்டேன்.

ஏழு மணிக்கு மேல் ஒரு பெண் தலையில் வாளியோடு வந்தாள். நனைந்திருந்தாள். கதவில் நான் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து நின்றாள்.

"யாரு நீ? என் கதவுல உனக்கென்ன வேல?"

"ஒண்ணுமில்ல அக்கா. குழந்த அழுதுச்சு. நான் கோர்ட்டுல…"

அந்தச் சொல்லுக்கு முன்னாலேயே நிறுத்தியிருக்க வேண்டும். அவள் என் சட்டையைப் பார்த்தாள், செருப்பைப் பார்த்தாள். வாளியை இறக்கினாள், இறக்கிய வேகத்தில் பாதித் தண்ணீர் சேற்றில் போயிற்று.

"அமாயி, நான் இப்பத்தான் போனேன். இப்பத்தான் அமாயி, சத்தியமா, ரெண்டு முடிச்சு போட்டேன்" என்று சொல்லிக்கொண்டே அவள் எனக்கு முன்னால் மண்டியிட்டாள்.